பூவம்மாவின் ஜோடி வான்கோழி

அடி வாங்காமல் ஒரு கோழியை மாற்றிக்கொண்டு வீடு திரும்பினால், அந்தத் திடலைப் பொறுத்தவரை அது நல்ல நாள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை எருமைக் கொட்டகைகளின் பின்பக்கம், பெரிய சாக்கடைக்கு அப்பால் கிடந்தது திடல். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தமிழர், மலாய்க்காரர், பக்கத்துத் தீவிலிருந்து வந்த போயான்காரர், சீனர் என்று எல்லாரும் கூடையும் பஞ்சாரமுமாக வந்து குந்துவார்கள். காசு அங்கே பெரிதாகப் புழங்காது. முட்டையிடும் பெட்டைக்கு இரண்டு வாத்து, நல்ல ஜாதிச் சேவலுக்கு நாலு பெட்டை என்று பறவைக்குப் பறவைதான். சேவல் வாங்குகிறவன் சும்மா வாங்கமாட்டான். இன்னொரு சேவலோடு மோதவிட்டுப் பார்ப்பான். கொண்டை கிழிந்து, கண் போய், ரத்தம் மணலில் சொட்டச் சொட்ட ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்போதுதான் பேரம் முடியும். சேவல் சண்டைக்குச் சர்க்கார் தடை போட்டிருந்தது. அதனால் அங்கே எவன் மண்டை உடைந்தாலும் போலீசைக் கூப்பிட ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

திடலுக்கு என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. மாற்றி வாங்கிய பறவையை அங்கே கூடையில் போடக்கூடாது. எல்லாரும் பார்க்கும்படி கையில் பிடித்தோ தோளில் தொங்கவிட்டோ, சாக்கடையின் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்ட வேண்டும். அதற்குமுன் பறவை தரையைத் தொட்டுவிட்டால், அதை யார் எடுக்கிறாரோ அவருக்குச் சொந்தம். நல்ல கோழியைக் கூடைக்குள் விட்டு, உள்ளே இருந்த சீக்குக் கோழியை வெளியே எடுத்து, 'ஏமாற்றிவிட்டானே' என்று ஒப்பாரி வைத்த புண்ணியவான்களை அடக்க யாரோ எப்போதோ போட்ட சட்டம் அது. நல்ல எண்ணத்தில் போட்டதுதான். அந்த நல்ல எண்ணத்தை வைத்துத்தான் துரைசாமி வயிறு வளர்த்தான்.

துரைசாமிக்குக் கோழியும் கிடையாது, கூடையும் கிடையாது. மணிக்கட்டுப் பருமனில் ஒரு பிரம்பு மட்டும் உண்டு. மாற்று முடிந்து பறவையோடு நடக்கிறவனின் பக்கத்தில் வந்து, முழங்கையில் ஒரே போடு. கை விட்டுப்போகும், பறவை விழும். "தரையில கெடந்துச்சு, எடுத்தேன்" என்பான். போன வாரம் ஒரு போயான்காரருக்கு முழங்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மனிதர் தன் எலும்பைப் பார்த்து மயங்கி விழுந்தார். துரைசாமி அவரைத் தாண்டிப் போய் இரண்டு வாத்துகளையும் பொறுக்கிக்கொண்டான். இருநூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். நாமெல்லாம் வேடிக்கை பார்ப்பதில் எப்போதும் கெட்டிக்காரர்கள்.

1908ஆம் வருடம், கார்த்திகை பிறந்து இரண்டாம் ஞாயிறு. பூவம்மா விடியுமுன்பே பதினெட்டுப் பெட்டைக் கோழிகளோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்தைந்து வயதுக்காரி. திருவாரூர்ப் பக்கம் பிறந்தவள். பதினாறு வயதில் புருஷனோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக்கு எதிர்க்கரையில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தாள். அங்கே ஐந்து மாத வயிற்றில் ஒரு கங்காணி உதைத்ததில் பிள்ளை போனது. அதற்குப்பின் வயிறு திறக்கவில்லை. அந்தக் குறையைச் சொல்லிச் சொல்லியே புருஷன் அடித்தான். சிங்கப்பூருக்கு வந்த பிறகும் கள் குடித்துவிட்டு அடித்தான். ஒரு மத்தியானம் அவள் விறகுக் கட்டையை எடுத்துத் திருப்பி அடித்தாள். தாடை பெயர்ந்தது. அன்று போனவன்தான். பூவம்மா அவனைத் தேடவில்லை. தேடும்படி அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு ஒன்பது வருடம் பலஸ்டியர் சாலைச் சூளையில் செங்கல் சுமந்தாள். சும்மாட்டின் மேல் பலகை, பலகையின் மேல் பதினாறு கல். போன மழையில் வழுக்கி விழுந்தபோது சுமை முழுக்கக் கழுத்தில் இறங்கியது. அதிலிருந்து கழுத்தைத் திருப்பினால் கண்ணில் பொறி பறக்கிறது. பதினாறு பத்தாகி, பத்து ஆறானது. "இந்த மாசத்தோட நின்னுக்க, ஒன்னய ஆள்கணக்குல காட்டிக் கூலி வாங்க என்னால முடியாது" என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். அவன் சொன்ன மாதம் முடிய எட்டு நாள்தான் இருந்தது. குடிசையின் பின்னால் அவள் வளர்த்த இந்தப் பதினெட்டுக் கோழிகள்தான் அவளுடைய எல்லாமும்.

பதினெட்டுக் கோழியை விற்றுத் தின்றால் மூன்று மாதம் ஓடும். அதன்பிறகு கோயில் வாசலில் துண்டை விரிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு ஜோடி வான்கோழி கிடைத்தால் கதையே வேறு. தங்ளின் வட்டாரத்து வெள்ளைக்காரர் வீடுகளில் கிறிஸ்துமஸ் வந்தால் வான்கோழி இல்லாமல் மேசை போடமாட்டார்கள். கப்பலில் வருகிறவை பாதி வழியிலேயே சாகும். இங்கேயே ஒரு பெட்டை முட்டையிட்டு, ஒரு தடவைக்குப் பதினைந்து குஞ்சு பொரித்தால், பூவம்மா அப்புறம் தலையில் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். அதற்குப் பெட்டை வேண்டும், சேவலும் வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது வெறும் இறைச்சி.

அந்த ஜோடி யாழ்ப்பாணத்துக் கிராணி ஜேசுதாசனிடம் இருந்தது. கப்பல் கம்பெனியில் கணக்கெழுதுகிறவர். சீமைக்குத் திரும்பிய துரை போகும்போது அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. வருகிற புதன்கிழமை அவருடைய மகளுக்குக் கலியாணம். நூறு பேருக்குப் பந்தி போட வேண்டும். இரண்டு வான்கோழியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பதினெட்டுக் கோழி என்றதும் சரி என்று சொல்லிவிட்டார். போன வாரமே பேசி முடித்தாயிற்று.

பேசியதைத் துரைசாமியும் கேட்டிருந்தான். பிரம்பால் தன் காலைத் தட்டியபடி, பூவம்மாவைத் தாண்டிப் போகும்போது சொன்னான்:

"இன்னிக்கு வான்கோழிக் கறி."

பூவம்மா எழுந்து ஒலி முகம்மதிடம் போனாள். தோப்புத்துறைக்காரர். சாக்கடைப் பலகைக்கு அருகில் ஒரு சாக்கை விரித்து, நீளக் கத்தியும் ஒரு குடம் தண்ணீருமாக உட்கார்ந்திருப்பார். முஸ்லிம்கள் தானாகச் செத்த பறவையைத் தொடமாட்டார்கள். உயிர் இருக்கும்போதே ஆண்டவன் பேர் சொல்லி அறுத்தால்தான் உண்டு. திடலில் வாங்குகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம்கள். ஆகவே அடிபட்ட பறவை துடிக்கும்போதெல்லாம் "சாவுது, சாவுது!" என்று குரல் எழும்பும், ஒலி முகம்மது கத்தியோடு ஓடுவார். செத்துவிட்டால் குப்பை, அறுத்துவிட்டால் சோற்றுக்கடைக்காரர்கள் கைநீட்டி வாங்குவார்கள். ஒரு நொடி முந்துவதுதான் அவருடைய தொழில். நல்ல மனிதர். ஆனால் எந்தச் சண்டைக்கும் குறுக்கே போகாத நல்ல மனிதர்.

"மரைக்காரே, நான் தாண்டுற வரைக்கும் கொஞ்சம் கூட வாரீயளா?"

அவர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"நான் கத்தியோட நடுவுல வந்தா ஒருத்தன் செத்துருவான், தங்கச்சி. அவன் செத்தா என்னையத் தூக்குல போடுவாங்க. பேசாம அந்தாளுக்கு ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ணக் கொண்டு போ."

"ஒண்ண வச்சி நான் என்ன செய்யிறது?"

அவர் குடத்துத் தண்ணீரைத் தீட்டுக்கல்லில் தெளித்துக்கொண்டார்.

ஜேசுதாசன் எட்டு மணிக்கு வெள்ளைக் கோட்டும் குடையுமாக வந்தார். கூட வான்கோழிகளைத் தூக்கி வந்த கூலியாள் பூவம்மாவின் கோழிகளைக் கால் கட்டி, காவுத்தடியின் இரு முனையிலும் ஒன்பது ஒன்பதாகத் தலைகீழாகத் தொங்கவிட்டான். கிராணியிடம் துரைசாமியின் பிரம்பு போகாது. ஆங்கிலம் எழுதத் தெரிந்த கை அது. ஒரு கடிதம் போட்டால் போலீஸ் வந்துவிடும். பூவம்மாவுக்கு அது தெரியும்.

"கிராணி ஐயா, பலகை வரைக்கும் என்கூட நடந்து வாங்க. நீங்க பக்கத்துல இருந்தா அவன் கிட்ட வரமாட்டான்."

ஜேசுதாசன் துரைசாமியைப் பார்த்தார். பிரம்பைப் பார்த்தார். தன் கோட்டையும் ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"எனக்கேன் பிள்ளை இந்த வம்பு? கலியாண வீடு. காயத்தோட போய்ச் சபையில நிக்கேலுமோ?"

இரண்டு வான்கோழிகளையும் அவள் கக்கத்தில் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு கூலியாளோடு முதலில் பலகையைத் தாண்டிப் போய்விட்டார். பிரம்பால் அடித்தவனைக்கூட ஒரு மாதிரி மன்னித்துவிடலாம். இந்தக் குடை விரிப்பை எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை.

இடது கக்கத்தில் சேவல், வலது கக்கத்தில் பெட்டை. சேவல் ஒரு சின்னப் பிள்ளையின் கனம். பலகைக்கு எழுபது தப்படி இருக்கும். பூவம்மா நடந்தாள்.

பத்துத் தப்படியில் முதல் அடி வலது முழங்கையில் விழுந்தது. பச்சை மூங்கில் வெடிப்பது போல ஒரு சத்தம். அவள் கத்தினாள், ஆனால் கையை விடவில்லை. வலியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். துரைசாமி கொஞ்சம் ஆச்சரியப்பட்டான். இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. இரண்டாவது அடி அதே இடத்தில். மூன்றாவது விரல்களின் மேல். நகம் ஒன்று பெயர்ந்து தொங்கியது.

"விட்டுருடி. கையி போயிரும்."

"போவட்டும்டா."

சுற்றிலும் பேரம் நின்றுபோயிற்று. சேவல் விட்டவர்கள் சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. துரைசாமிக்குக் கோபம் ஏறியது. ஒரு பொம்பிளை இத்தனை பேர் முன்னால் தன் பிரம்பைச் செல்லாக்காசாக்குகிறாள். அடுத்த அடியை அவள் கெண்டைக்காலில் இறக்கினான். பூவம்மா முழங்காலில் விழுந்தாள். விழுந்தவள் பறவைகளை நெஞ்சோடு தூக்கிக்கொண்டாள். ஒரு இறகுகூடத் தரையில் படவில்லை. சேவல் மிரண்டு உதறியதில் அதன் நகம் அவள் விலாவைக் கிழித்தது. புடவை சிவந்தது. அவள் முழங்காலாலேயே நகர்ந்தாள். கல்லும் கோழி எச்சமும் கிடந்த தரையில், முட்டி உரிய உரிய, ஒரு சாண், இன்னொரு சாண் என்று போனாள்.

முதுகில் அடி விழுந்தது. தோளில் விழுந்தது. கழுத்தில் ஒன்று விழுந்தபோது அவளுக்குக் கண் இருட்டியது. அந்த இருட்டில் அவளுக்குப் பயம் இல்லை, அழுகை இல்லை, வெறி மட்டும்தான் இருந்தது. கரும்புத் தோட்டத்தில் உதைத்தவன், கள் நாற்றத்தோடு அடித்தவன், மாதத்தோடு நின்றுகொள் என்றவன், எல்லாரும் ஒரே ஆளாகித் தன்மேல் குனிவதுபோல அவளுக்கு இருந்தது.

பலகைக்குப் பத்துத் தப்படி இருக்கும்போது துரைசாமி பிரம்பை வீசிவிட்டு நேரே வந்தான். இடது கையால் அவள் தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தூக்கினான். வலது கையைப் பெட்டையின் கழுத்துக்குக் கொண்டுபோனான். குனிந்திருந்த அவன் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

பூவம்மாவுக்கு இரண்டு கையும் இல்லை. தலை ஒன்றுதான் மிச்சம். ஒன்பது வருடம் செங்கல் சுமந்த தலை.

இரண்டு முழங்கைகளையும் விலாவோடு இறுக்கி, இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்து, அவன் மூக்கில் நெற்றியால் இடித்தாள். மூக்கு உடைந்தது. அவன் பிடி விடவில்லை. மறுபடி இடித்தாள், அவன் முன்பற்கள் இரண்டு அவள் நெற்றியைக் கிழித்துக்கொண்டு பெயர்ந்தன. மூன்றாவது இடியில் அவள் கழுத்துக்குள் ஏதோ முறிந்தது அவளுக்கே கேட்டது. துரைசாமி மல்லாக்க விழுந்தான். வாயைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் கொப்பளித்தது.

அவன் விழுந்ததும் திடலுக்கு உயிர் வந்தது. வாத்தைப் பறிகொடுத்தவர், கோழியைப் பறிகொடுத்தவர், ஒன்றையும் பறிகொடுக்காதவர், எல்லாருக்கும் ஒரே நிமிடத்தில் வீரம் வந்துவிட்டது. யாரோ அவனுடைய பிரம்பை எடுத்து அவன் முழங்கையிலேயே போட்டார். இன்னொருவர் பஞ்சாரக் கல்லை அவன் காலில் போட்டார். உதைத்தார்கள், மிதித்தார்கள். அவன் முதலில் திட்டினான், பிறகு கும்பிட்டான், பிறகு ஊளையிட்டான். இத்தனை வாரம் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவர்கள் இப்போது தொண்டை கிழியக் கத்தினார்கள். கடைசியில் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் தள்ளினார்கள். அதன்பிறகு துரைசாமிக்கு வலது கை விளங்கவில்லை என்று சொன்னார்கள். அவனை யாரும் திடலில் பார்க்கவும் இல்லை.

பூவம்மா அதையெல்லாம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக் கழுத்தும் இல்லை. முழங்காலாலேயே பலகையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, எருமைக் கொட்டகைச் சுவரில் சாய்ந்தாள். தாண்டிவிட்டாள். இரண்டும் அவளுடையவை. ரத்தம் வழிந்து ஒரு கண் ஒட்டிக்கொண்டிருந்தது, அப்படியும் சிரித்தாள். ஒலி முகம்மது குடத்தையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

"கையைத் தொற, தங்கச்சி. கையைத் தொற."

இடது கை திறந்தது. சேவல் உதறிக்கொண்டு எழுந்து கத்தியது. வலது கை திறக்கவில்லை. முழங்கை உடைந்து, தோளோடு பூட்டிக்கொண்டிருந்தது. அவர்தான் மெல்ல மெல்லப் பிரித்தார். பெட்டை வெளியே சரிந்தது. கழுத்து தொங்கியது, கண் பாதி மூடியிருந்தது. இடிக்கும்போதெல்லாம் அவள் இறுக்கிய இறுக்கு அது.

"யா அல்லாஹ்" என்றார் அவர்.

பூவம்மாவின் சிரிப்பு நின்றது. இடது கையால் அதன் நெஞ்சைத் தடவினாள். "ஏத்தா, எந்திரி. எந்திரிடி" என்றாள். ஒரு கால் மட்டும் லேசாக இழுத்தது.

ஒலி முகம்மது கத்தியைக் கையில் எடுத்திருந்தார். முப்பது வருடப் பழக்கம்; துடிக்கிற பறவையைக் கண்டால் அவர் கை தானாகக் கத்திக்குப் போகும்.

"போவுது. இன்னும் உசுரு கெடக்கு, இப்பவே அறுத்தா நாலு கடைக்காரன் வாங்குவான். ஒனக்கு ஒரு மாசக் கஞ்சிக்கு ஆகும். செத்துட்டா நாய்க்குத்தான். சீக்கிரம் சொல்லு, தங்கச்சி. நேரம் இல்ல."

"தண்ணி ஊத்திப் பாக்கலாமா?"

"ஊத்துறதுக்குள்ள போயிரும். எத்தனை பாத்திருக்கேன். சொல்லு!"

பூவம்மா பெட்டையைப் பார்த்தாள். வேலை இல்லாத மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்ணுக்குத் தெரிந்தன. ஒன்றுமே இல்லாமல் போவதைவிட ஏதோ கொஞ்சம் மிஞ்சட்டும் என்று பட்டது. ஏழைக்கு அப்படித்தான் படும். அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அறுங்க" என்றாள்.

அவர் "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சொல்லி ஒரே இழுப்பில் அறுத்தார்.

சாகிற பறவையின் ரத்தம் கசியும். கருத்து, கெட்டியாக, சோம்பேறித்தனமாக வழியும். ஒலி முகம்மது ஆயிரம் தடவை பார்த்தது அது. ஆனால் இந்தப் பெட்டையின் ரத்தம் பீய்ச்சியது. நல்ல சிவப்பில், சூடாக, அவர் கைலியைத் தாண்டிச் சுவரில் போய் அடித்தது. பெட்டை இரண்டு இறக்கையையும் முழு அகலத்துக்கு விரித்து, சுவரையும் அவள் மடியையும் மாறி மாறி அறைந்து, அவர் பிடியை உதறித் தூக்கி எறிந்து, அறுந்த கழுத்தோடு நாலடி ஓடியது. அதன்பிறகுதான் விழுந்தது. மூச்சு முட்டி மயங்கிக் கிடந்த பறவை. கொஞ்சம் காற்றுப் பட்டிருந்தால் போதும்.

சாக்கடைக்கு அந்தப் பக்கம் இன்னும் யாரோ யாரையோ வெற்றிச் சத்தம் போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பூவம்மா முகத்தில் தெறித்த ரத்தத்தைத் துடைக்கவில்லை.

"மரைக்காரே," என்றாள். "அது பொழச்சிருக்கும், இல்ல?"

ஒலி முகம்மது நாள் முழுவதும் பொய் சொல்லி வியாபாரம் பண்ணத் தெரிந்தவர். கத்தியைக் கைலியில் ஒருதரம் துடைத்தார். இன்னொருதரம் துடைத்தார். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"ஆமா, தங்கச்சி" என்றார்.